அப்பாயியின் கம்பளியை விட்டு எழாத பூனை

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அப்பாயி இறந்து மூன்று வாரங்களாகின்றன. அவர் வளர்த்த ஆறு வயதுப் பெண் பூனை, மழைக்கு அவர் போர்த்திக்கொள்ளும் கம்பளியிலேயே சுருண்டு கிடக்கிறது. சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிறது. கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போன அப்பாயி வீடு திரும்பும் ஐந்து மணிக்கு மட்டும் எழுந்து, வாசற்படியில் உட்கார்ந்து கத்துகிறது. கம்பளியைத் துவைத்துவிட்டால் மறந்துவிடும் என்கிறார் அம்மா. துவைக்கலாமா? வேறென்ன செய்யலாம்?
(வாசகி, ஹட்டன்)

பதில்: இப்போது துவைக்க வேண்டாம். பூனை தன் மனிதர்களை வாசனையாலும் அடையாளம் காண்கிறது. அப்பாயியின் வாசனை மிஞ்சியிருக்கும் அந்தக் கம்பளியையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால், பழகிய வீடே அதற்கு அந்நியமாகிவிடும். வாசனை தானாக மங்கட்டும் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1996இல் நடத்திய ஆய்வில், கூட வாழ்ந்த விலங்கை இழந்த பூனைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டதாகத் தெரியவந்தது. எனினும் அரைச் சாப்பாடு மூன்று வாரமாக நீடிப்பதால், ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். துக்கம் என்று நாம் எண்ணுவது பல்வலியாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கக்கூடும். ஒரு நாள் முழுவதும் எதையுமே தொடாவிட்டால் சிறிதும் தாமதிக்க வேண்டாம். பட்டினி தொடர்ந்தால் உடற்கொழுப்பு ஈரலில் சென்று படிந்து, குறிப்பாகக் கொழுத்த பூனைகளுக்கு, உயிராபத்தாகிவிடும். காய்ச்சலென நினைத்துப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரே குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. உங்கள் ஊர்க் குளிரில் ஆறிய உணவிலிருந்து மணம் எழாது என்பதால், உப்பில்லாமல் அவித்த மீனை இளஞ்சூட்டில் வையுங்கள்.

இனி அந்த ஐந்து மணிக்கு வருவோம். பூனையின் நாள் பழகிய நேரங்களால் ஆனது. அதன் நாளில் இப்போது வெறுமையாகக் கிடப்பது அந்த ஒரு நேரம்தான். ஆகவே விளையாட்டை அப்போதே தொடங்குங்கள். ஒரு குச்சியில் நூல் கட்டி, நுனியில் கோழி இறகொன்றை முடிந்து, அதன் முகத்துக்கு நேராக ஆட்டாமல், எலி ஓடுவதுபோல அதனிடமிருந்து விலக்கி இழுங்கள். கம்பளி மடிப்புக்குள் மறைத்து, சற்றே நிறுத்தி, மெல்ல அசையுங்கள். முதல் சில நாட்கள் அது எழாமலே இருக்கலாம். காது திரும்பினாலோ, கண்மணி விரிந்தாலோ, வால் நுனி துடித்தாலோ அன்றைக்கு அதுவே போதும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் இழுக்க வேண்டாம். முடிவில் இறகைப் பிடிக்கவிட்டு உடனே ஒரு வாய் மீன் கொடுங்கள். வேட்டையாடி, தின்று, உடலை நக்கிச் சுத்தம் செய்து, உறங்குவது பூனையின் இயல்பான ஒழுங்கு. பிடிபடாமலே முடியும் விளையாட்டு அதற்கு ஏக்கத்தைத்தான் தரும். பிறகு நூலை எடுத்து மறைத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிட்டு இழுத்து, சத்திரசிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

பகலில், தேயிலை மலை தெரியும் ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துச் சாக்கு விரித்து வைத்தால், குருவிகளைப் பார்த்தபடி இருக்கும். இரண்டு மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் மீன் துண்டை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள். குப்பைமேனிக்கு நம் முன்னோர் பூனைவணங்கி என்று பெயரிட்டது காரணமில்லாமல் அல்ல. அதன் வேரின் வாசனைக்குப் பூனைகள் மயங்கிப் புரளும். தின்னக் கொடுக்காமல், துணியில் முடிந்து முகரக் கொடுத்துப் பாருங்கள். வலிந்து தூக்கி அணைப்பதை மட்டும் தவிர்த்து, அருகில் அமர்ந்திருங்கள். மடியைத் தேடி அதுவே வரும். தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பதால், இருட்டுமுன் கதவடைத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பூனைகளில் ஒன்று வாந்தி, கழிச்சலால் இறந்துவிட்டது. தனித்துப்போன மற்றதற்குத் துணையாக உடனே ஒரு குட்டி வாங்கலாமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: அவசரப்பட வேண்டாம். துக்கத்திலிருக்கும் பூனைக்குப் புதுக் குட்டி பெரும்பாலும் துணையாகத் தெரிவதில்லை, தன் இடத்துக்கு வந்த போட்டியாகவே தெரிகிறது. மேலும் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பூனைப் பார்வோ நோயினுடையதாகவும் இருக்கலாம். அந்தக் கிருமி வீட்டுக்குள் ஓர் ஆண்டு வரைகூட உயிர்த்திருக்கும். இறப்பின் காரணத்தை மிருக வைத்தியரிடம் கேட்டறிந்து, இருக்கும் பூனைக்குத் தடுப்பூசி போட்டு, மேலே சொன்ன விளையாட்டுக்களைத் தொடங்குங்கள். பின்னர் குட்டி எடுப்பதானால், தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டதையே எடுங்கள்.