100 கலோரி முட்டையும் 100 கலோரி நெய்யும் உடலுக்கு ஒன்றுதானா?

இல்லை. சாப்பிட்டதைச் செரித்து, உறிஞ்சி, சேமித்து வைக்கவே உடல் கொஞ்சம் கலோரியைச் செலவழிக்கிறது. மாவு மில்லில் கொடுக்கும் அரைவைக் கூலி மாதிரி. முட்டையில் உள்ள புரதத்துக்குக் கூலி அதிகம்: 100 கலோரி புரதத்தில் 20 முதல் 30 வரை போய்விடும். உடைத்து, மறுபடி கோத்து, மிஞ்சிய நைட்ரஜனை யூரியாவாக்கி வெளியேற்ற வேண்டுமே! மாவுச்சத்துக்கு 5 முதல் 10. நெய்க்கு அதிகபட்சம் 3தான். செலவாகாத மிச்சம் சுலபமாகக் கொழுப்புத் திசுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, சோறு? சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும். கொழுப்புத் திசு, உள்ளே இருக்கும் கொழுப்பை வெளியே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும். சில மணி நேரத்தில் இன்சுலின் இறங்கியதும் திறக்கும்.

அதற்காகச் சோற்றை விட்டாலே இளைத்துவிடலாம் என்பது தப்புக்கணக்கு: வெளியே வந்த கொழுப்பு செலவாகாவிட்டால் திரும்ப உள்ளேதான் போகும்.