பப்ளிசிட்டி என்றால் அட்வர்டைஸ்மென்ட்டா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பப்ளிசிட்டி, அட்வர்டைஸ்மென்ட் இரண்டும் விளம்பரம்தானே?

பதில்: தமிழில் இரண்டையும் விளம்பரம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பிரித்துப் பேசுவார்கள். காசு கொடுத்து இடமோ நேரமோ வாங்கி, நாம் முடிவு செய்ததை வெளியிடுவது அட்வர்டைஸ்மென்ட். மக்கள் கவனம் நம் பக்கம் திரும்புவது பப்ளிசிட்டி. நிருபர் தானாக எழுதினாலும் அது பப்ளிசிட்டிதான். திட்டி எழுதினால் பேட் பப்ளிசிட்டி. ஒன்றை மறக்காதீர்கள்: பப்ளிசிட்டிக்குப் பன்மை கிடையாது, முன்னால் ‘எ’ வராது. ‘எ லாட் ஆஃப் பப்ளிசிட்டி’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ‘வீ கேவ் அன் அட்வர்டைஸ்மென்ட் இன் த பேப்பர்’ சரியா?

பதில்: ‘விளம்பரம் கொடுத்தோம்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘கேவ்’ வேண்டாம், ‘பிளேஸ்ட்’, ‘புட்’ இரண்டில் ஒன்றைப் போடுங்கள். ஆள் தேடும்போது இன்னும் கவனம் தேவை. டிரைவர் வேண்டுமென்றால் ‘அட்வர்டைஸ் ஃபார் எ டிரைவர்’. ‘ஃபார்’ விட்டுப்போனால் டிரைவரையே விற்பதுபோல் ஆகிவிடும். வேலையைச் சொல்லும்போது அது தேவையில்லை: ‘அட்வர்டைஸ் எ போஸ்ட்’.

கேள்வி: அமெரிக்காவில் அட்வர்டைஸுக்கு ‘இசட்’ போடுவார்களா?

பதில்: மாட்டார்கள். அங்கும் ‘எஸ்’தான்.

கேள்வி: உங்கள் முதல் பதிலை ஏற்க முடியவில்லை. சினிமாவில் பப்ளிசிட்டி டிசைனர் இருக்கிறார். அவர் செய்யும் போஸ்டரைக் காசு கொடுத்துத்தானே ஒட்டுகிறார்கள்?

பதில்: அருமையான உதாரணம். உங்கள் பக்கத்துக்கு நானே இன்னொன்று தருகிறேன். 1955இல் மத்திய அரசு தொடங்கிய டி.ஏ.வி.பி.யின் முழுப்பெயரிலும் (டைரக்டரேட் ஆஃப் அட்வர்டைசிங் அண்ட் விஷுவல் பப்ளிசிட்டி) பப்ளிசிட்டி இருந்தது. பத்திரிகைகளுக்கு அரசு விளம்பரம் வழங்கியது அந்த அலுவலகம்தான். ஒன்றை மக்களிடம் கொண்டுசேர்க்கும் மொத்த வேலைக்கும் பப்ளிசிட்டி என்று பெயருண்டு. போஸ்டர், டிரெய்லர், பேட்டி எல்லாம் அதற்குள் வரும்.

கேள்வி: அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லவே இல்லை. பப்ளிசிட்டிக்குள் அட்வர்டைஸ்மென்ட் அடங்கும். ஆனால் காசில்லாமல் வந்த பேட்டியை அட்வர்டைஸ்மென்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேட்டி எடுத்தவரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், கோபப்படுவார். காசு வாங்கியதாகத்தானே அதற்கு அர்த்தம்!

கேள்வி: எங்கள் கடைக்கு எதில் விளம்பரம் செய்தால் லாபம்?

பதில்: விளம்பர ஏஜென்சியில் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது மொழி மட்டும்.

கேள்வி: ‘ரைட் ஆஃப் பப்ளிசிட்டி’ என்றால் விளம்பரம் செய்யும் உரிமையா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் பெயரையும் முகத்தையும் வைத்து யார் வியாபாரம் செய்யலாம், யார் கூடாது என்று நானே முடிவு செய்யும் உரிமை அது. 1953இல் அமெரிக்காவில், பபிள்கம் விற்க பேஸ்பால் வீரர்களின் படங்களைப் பயன்படுத்திய வழக்கில் நீதிமன்றம் இந்தப் பெயரைக் கொடுத்தது. நம் ஊரிலும் அந்தக் கேள்வி வந்தது. அனுமதியில்லாமல் தன் பெயரைப் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2015இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

கேள்வி: ‘மெனி பப்ளிசிட்டீஸ்’ என்று எழுதலாமா?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது. பன்மை கிடையாது.