ஜூன் 1-க்கு ஒரு நாள் முன்னே பிறந்தால்? பேண்ட் போட்டி வயது வரம்பு: வாசகர் கேள்வி – பதில்

பேண்ட், டிரம் அணிகள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை வயதைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பொறியியல் படிக்கிறான். பள்ளியில் சைடு டிரம் வாசித்தவன். அமெரிக்க டிரம் கோர் அணிகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தானும் சேர வேண்டும் என்கிறான். அதற்கு வயது வரம்பு உண்டாமே? காலம் கடந்துவிட்டதா?
– வாசகர், வில்லியனூர்

கடக்கவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகளும் டிரம்களும் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுக்கும் குழு. அவற்றுக்காக டிரம் கோர் இன்டர்நேஷனல் (டி.சி.ஐ.) என்ற அமைப்பு நடத்தும் கோடைப் போட்டிகளில் வேர்ல்டு கிளாஸ், ஓப்பன் கிளாஸ் என்ற இரு இளையோர் பிரிவுகளுக்கும் விதி ஒன்றே. அந்த ஆண்டு ஜூன் 1-க்கு முன் 22 வயது நிறைந்துவிட்டால் இடமில்லை. ஜூன் 1 அன்றோ பிறகோ நிறைந்தால் அந்தக் கோடை முழுவதும் ஆடலாம். 2024 சீசனைப் பாருங்கள். 2002 ஜூன் 1-ல் பிறந்தவருக்கு அதில் இடம் இருந்தது. மே 31-ல் பிறந்தவருக்கு 2023-தான் கடைசி. ஒரே நாள் வித்தியாசத்தில் ஒரு முழுக் கோடை கையைவிட்டுப் போகும்.

வீட்டில் கணக்குப் போட எளிய வழி உண்டு. பிறந்த நாள் ஜனவரி 1 முதல் மே 31 வரை என்றால் பிறந்த ஆண்டோடு 21-ஐக் கூட்டுங்கள். ஜூன் 1 முதல் டிசம்பர் வரை என்றால் 22-ஐக் கூட்டுங்கள். வருவதுதான் அவருடைய கடைசி சீசன். அதை முடித்து வெளியேறுபவரை ‘ஏஜ் அவுட்’ என்பார்கள். 2020-ல் கொரோனாவால் சீசன் முழுவதுமே நின்றுபோனது. அது கடைசி ஆண்டாக அமைந்தவர்களுக்கு அந்த இழப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே புரியும்.

அடுத்த கோடைக்கான தேர்வு முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடும். வெளிநாட்டவரிடம் முதலில் வீடியோ கேட்கும் அணிகள் உண்டு. மே மாதத்தில் தங்கிப் பயிற்சி, ஜூன் கடைசியிலிருந்து ஊர் ஊராகப் போட்டி, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இறுதிச் சுற்று. அதாவது நம் ஊர் செமஸ்டர் தேர்வும் அவர்கள் முகாமும் ஒன்றோடொன்று மோதும். கல்லூரியில் முன்கூட்டியே பேசாவிட்டால் தேர்வாகியும் போக முடியாது. கட்டணம் பல ஆயிரம் டாலர், விமானச் செலவு தனி. விசா எந்த வகை என்பதைத் தேர்ந்தெடுக்கும் அணியிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் கையில் அல்ல, காலில். பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி பட்டியலிட்ட 40 ரூடிமென்ட்களையும் (டிரம்மின் அடிப்படை அடி வகைகள்) நாற்காலியில் உட்கார்ந்து சுத்தமாக வாசிப்பார்கள். நின்ற இடத்தில் காலடி வைத்துக்கொண்டே வாசிக்கச் சொன்னால் கை காலை இழுக்கும், அல்லது கால் கையை இழுக்கும். எனவே தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வையுங்கள். இடது கால் ஒன்று, வலது கால் இரண்டு என்று மிதித்தபடி, ஒரு கையில் எட்டு அடி, மறு கையில் எட்டு அடி. பத்து நிமிடம் பிசகாமல் வந்தபின்தான் 84. வீடியோவில் பாதம் தெரிய வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்து அனுப்பினால் பயனில்லை.

கேள்வி: டிரம் கோரில் 21, 22 வயதோடு நிறுத்தும் கணக்கு எங்கிருந்து வந்தது? நன்றாக வாசிப்பவர் 30 வயதிலும் வாசிக்கலாமே?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகள்தான் இந்த அணிகளை வளர்த்தன. வீரர்கள் ஆடியது ‘சீனியர்’ அணி, ஊர்ப் பிள்ளைகளுக்காக நடத்தியது ‘ஜூனியர்’ அணி. ஜூனியர் அணிகள் தங்கள் போட்டியைத் தாங்களே நடத்தத் துணிந்து 1971-ல் ஒன்றுசேர்ந்தன. 1972-ல் விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பை அனாஹைம் கிங்ஸ்மென் வென்றது. ஜூனியர் என்ற அடையாளத்தோடு அந்த வரம்பும் தொடர்ந்து வந்தது.

30 வயதுக்காரருக்கும் வழி உண்டு. சீனியர் அணிகளுக்கென டிரம் கோர் அசோசியேட்ஸ் 1960-களிலிருந்து தனிப் போட்டி நடத்தி வந்தது. 2024 முதல் டி.சி.ஐ.யே ‘ஆல் ஏஜ்’ என்ற பிரிவை நடத்துகிறது. அதில் மேல்வரம்பு கிடையாது. ஜூனியர் பிரிவின் மேல்வரம்பு தேவை என்பதே எங்கள் கருத்து. அணியில் இடங்கள் எண்ணிக்கை வைத்தவை. பத்து ஆண்டு அனுபவமுள்ளவர் விலகாமல் நின்றால், 17 வயதுப் பிள்ளை காத்திருந்தே தன் வயதைக் கடந்துவிடும்.

கேள்வி: பொங்கலை ஒட்டி இளைஞர் மன்றங்களுக்கிடையே பேண்ட் போட்டி நடத்துகிறோம். நோட்டீஸில் ‘19 வயதுக்கு உட்பட்டோர்’ என்று போடுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் வயதை வைத்து மைதானத்திலேயே தகராறு. விதியை எப்படி எழுதினால் தீரும்?
– ஒருங்கிணைப்பாளர், நெல்லிக்குப்பம்

தகராறு தொடங்குவதே அந்த நோட்டீஸ் வரியில்தான். நம் பேச்சில் ‘பத்தொன்பது நடக்கிறது’ என்றால் 18 முடிந்திருக்கிறது என்று பொருள். ‘பத்தொன்பது ஆகிறது’ என்பவர் முடிந்ததைச் சொல்கிறாரா, நடப்பதைச் சொல்கிறாரா என்பது அவருக்கே தெளிவில்லை. நட்சத்திரப் பிறந்தநாளைச் சொல்பவர்களும் உண்டு. அது ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். ஆகவே வயதையே எழுதாதீர்கள். பிறந்த தேதியை எழுதுங்கள். 2027 பொங்கல் போட்டி என்றால், ‘2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் மட்டும்’ என்று ஒரே வரி. கூட்டல் கழித்தல் யாருக்கும் வேண்டாம். பிப்ரவரி 29-ல் பிறந்தவரின் பிறந்தநாள் எது என்ற வாதமும் எழாது.

எப்படியாவது வயதைத்தான் எழுத வேண்டும் என்றால் ‘19 வயது நிறைவடையாதவர்’ என்று எழுதி, எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வயது நிறைவதை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 1875-ஆம் ஆண்டு இந்திய மேஜர் சட்டமே முன்மாதிரி: பிறந்த நாளையும் முழு நாளாகச் சேர்த்துக்கொண்டு, ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே வயது நிறைந்ததாகக் கொள்கிறது. பிறந்த நேரம் மாலை என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

கணக்குத் தேதியைப் போட்டி நாளோடு கட்டாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் கரையில் அடித்தது. அப்படியோர் ஆண்டில் பொங்கல் போட்டி பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும். ‘போட்டி நாளன்று’ என்று விதி இருந்தால், இடையில் பிறந்தநாள் வந்த பிள்ளை ஒரு தவறும் செய்யாமலே வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஜனவரி 1 என்றால் போட்டி எப்போது நடந்தாலும் அது ஜனவரி 1-தான்.

அடுத்தது சான்று. முதல் இடம் பிறப்புச் சான்றிதழுக்கு. அது இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். ஆதாரை மட்டும் வைத்து ஏற்காதீர்கள். ஆதார் அடையாளத்துக்கானது, பிறந்த தேதிக்கான ஆதாரமல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2024-ல் தெளிவாக்கியிருக்கிறது. இரண்டு சான்றில் இரண்டு தேதி இருந்தால் எதை ஏற்பது என்பதையும் முன்பே விதியில் எழுதிவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது தேதியை மாற்றிச் சொல்லும் பழக்கம் இருந்ததால் இந்த முரண் அடிக்கடி வரும். எங்கள் பரிந்துரை, பிறந்த ஓராண்டுக்குள் பதிவான பிறப்புச் சான்றிதழே இறுதி. பல ஆண்டு கழித்துப் பதிவானது என்றால் பள்ளிச் சான்றோடு ஒத்துப் பாருங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பிறப்பு, பிறந்த இடத்தில்தான் பதிவாகும், பெற்றோர் குடியிருக்கும் ஊரில் அல்ல. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பிறந்தது ஜிப்மரில். அவர்கள் சான்றிதழுக்குக் கடலூர் மாநகராட்சியில் தேடினால் கிடைக்காது. புதுச்சேரியில் உழவர்கரை நகராட்சியில் கேட்க வேண்டும். மற்றவர்கள் பிறந்த இடத்தைப் பொறுத்துப் புதுச்சேரி நகராட்சி அல்லது அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்து. குழந்தையின் பெயர் சேர்க்கப்படாத சான்றிதழ் கையில் இருந்தால் அது யாருடையது என்று நிறுவ முடியாது. பெயர் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதனால் நோட்டீஸ் இரண்டு மாதம் முன்பே போக வேண்டும்.

பெயர்ப் பட்டியலைப் போட்டிக்கு 15 நாள் முன் வாங்குங்கள். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, வாத்தியம், மார்பளவுப் படம். இரண்டு மூன்று மாற்று ஆட்களையும் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலை எல்லா மன்றங்களுக்கும் அனுப்பி, ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு வயதைப் பற்றி வாய்மொழிப் புகாரே ஏற்கக் கூடாது. மைதானத்தில் மூல ஆவணம், படம், ஆள் மூன்றையும் ஒப்பிட ஒரு மேசை போதும்.

மீசையைப் பார்த்து வயது சொல்லும் வேலை வேண்டவே வேண்டாம். எலும்பு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த முறையில் இருபுறமும் இரண்டு ஆண்டு வரை பிசகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஏற்றிருக்கிறது. 17-ஆ 19-ஆ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

தண்டனையிலும் வேறுபாடு வையுங்கள். போட்டிக்கு முன் பிடிபட்டால் அந்த ஒருவரை மட்டும் நீக்கி மாற்று ஆளை இறக்கலாம். வாசித்து முடித்தபின் தெரிந்தால் அணியின் இடம் ரத்து. ‘மூத்தவர் இருவர் வரை அனுமதி’ என்று சில ஊர்களில் வைப்பது எங்களுக்கு ஒப்பவில்லை. அந்த இருவர் பேஸ் டிரம்மையும் முன்னணி சைடு டிரம்மையும் பிடித்துக்கொள்வார்கள். மதிப்பெண் அவர்கள் கைக்குத்தான் விழும். மூத்தவர்கள் ஆட வேண்டும் என்றால் ‘அனைத்து வயது’ என்று தனிப் பிரிவு வைத்துத் தனிப் பரிசு கொடுங்கள்.

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளைப் பள்ளி பேண்டில் சைடு டிரம்முக்கு எடுத்திருக்கிறார்கள். 9 வயதில் இது சரியா? குறைந்தபட்ச வயது என்று ஏதாவது உண்டா?
– வாசகி, லாஸ்பேட்டை

வாசிக்கப் பழக 9 சரியான வயது. சுமந்து நடக்கத்தான் யோசிக்க வேண்டும். இதில் வயதைவிட எடைதான் அளவுகோல். 2020-ல் வந்த பள்ளிப் பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. டிரம்முக்கென எழுதியது அல்ல என்றாலும், கையில் பிடித்துக்கொள்ள நல்ல அளவு அது. 26 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2.6 கிலோ. பள்ளி டிரம்மை வாரோடும் குச்சியோடும் ஒரு தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். அளவைத் தாண்டினால் நின்று வாசிக்கட்டும், அல்லது ஸ்டாண்டில் வைத்து வாசிக்கட்டும். ஒப்பிடச் சொல்கிறோம்: டிரம் கோர் அணிகளின் சைடு டிரம் கேரியரோடு (தோளில் மாட்டும் தாங்கி) சுமார் 10 கிலோ, ஒருவரே பல டிரம்களைச் சேர்த்துச் சுமக்கும் டெனார் டிரம் தொகுதி சுமார் 15 கிலோ. அதைச் சுமப்பவர்கள் வளர்ந்த இளைஞர்கள்.

எடையைவிட மோசமானது அதைத் தொங்கவிடும் விதம். ஒரே தோளில் வாரை மாட்டினால் முழு எடையும் ஒரு பக்கம் விழும். உடம்பு மறு பக்கம் சாயும். நடக்கும்போது டிரம்மின் விளிம்பு இடது தொடையில் இடிக்கும், அதைத் தவிர்க்கப் பிள்ளை காலைக் கோணலாக வைத்து நடக்கும். இரு தோளிலும் தாங்கும் கேரியர் கேளுங்கள். கிடைக்காவிட்டால், வார் கழுத்தை அறுக்காதபடி அகலமானதாக இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி வைக்க வேண்டும்.

காதையும் கவனியுங்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம்தான் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் வரையறை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அது வேலை செய்யும் பெரியவர்களுக்கான வரம்பு. மூடிய கூடத்தில் பத்து டிரம் ஒன்றாக அடித்தால் அந்த அளவு எளிதில் வரும். திறந்த மைதானத்தில் பயிற்சி வைக்கச் சொல்லுங்கள். கூடத்துக்குள் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். பஞ்சு பயன்படாது.

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். பள்ளி பேண்டில் இனி இடமில்லை. எங்கே தொடரலாம்?
– வாசகர், அரியாங்குப்பம்

பள்ளி மாணவர்களுக்கான போட்டிகள் உங்களுக்கு முடிந்தன. கல்லூரியில் என்.சி.சி. சீனியர் பிரிவில் 26 வயது வரை இருக்கலாம். உங்கள் கல்லூரியின் என்.சி.சி. பிரிவில் பேண்ட் இருக்கிறதா என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். முதலாண்டில் சேராவிட்டால் பிறகு இடம் கிடைப்பது கடினம்.

கேள்வி: அணியை முன்னின்று நடத்தும் டிரம் மேஜராக எங்கள் மாஸ்டரே நிற்கலாமா? அவருக்கு 35 வயது.
– வாசகர், பண்ருட்டி

வயது வரம்பு வைத்த போட்டியில் நிற்கக் கூடாது. டி.சி.ஐ.யிலும் டிரம் மேஜர் அணியின் உறுப்பினர், அவருக்கும் அதே ஜூன் 1 கணக்குதான். மாஸ்டர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும். உள்ளே கைதட்டித் தாளம் காட்டினாலும் ஆட்சேபம் வரும்.