ஹார்டுவேர் மிடி சீக்வென்சரால் கணினி இசை மென்பொருளை இயக்க முடியுமா? இரண்டில் எது எதைப் பின்பற்ற வேண்டும்?

தாராளமாக முடியும். மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி; சீக்வென்சர் என்பது நோட்டுகளை வரிசையாக நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் பெட்டி. நான் பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறேன். பேட்டர்ன் (திரும்பத் திரும்ப வரும் நோட் வரிசை) சீக்வென்சரில் உருவாகும், ஒலி முழுக்கக் கணினியிலுள்ள பிளக்இன்களிலிருந்து (இசை மென்பொருளுக்குள் ஓடும் கருவிகள்) வரும். மவுஸால் ஒவ்வொரு நோட்டாக வரைவதைவிட இதில் கை வேகமாக ஓடுகிறது. திரையைப் பார்த்து முடிவெடுக்காமல் காதால் கேட்டு முடிவெடுக்கிறோம் என்பது எனக்கு இன்னும் பெரிய லாபம்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே கேபிளில் மூன்று வகைச் செய்திகள் போகின்றன: எந்த நோட் ஒலிக்க வேண்டும், எந்தக் குமிழ் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து க்ளாக், அதாவது எல்லாக் கருவிகளும் ஒரே வேகத்தில் ஓட அனுப்பும் தாளத் துடிப்பு. மூன்றையும் ஒரே கருவியிடம் ஒப்படைக்க வேண்டிய அவசியம் இல்லை. நோட்டும் குமிழும் சீக்வென்சரிடம் இருக்கட்டும், க்ளாக்கை மென்பொருள் கொடுக்கட்டும். இதுதான் என் உறுதியான கருத்து.

காரணம் சொல்கிறேன். மிடி க்ளாக்கில் டெம்போ (பாடலின் வேகம்) என்ற எண்ணே கிடையாது. ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகள், அவ்வளவுதான். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 கால் நோட்டு) என்றால் ஏறத்தாழ 20.8 மில்லிசெகண்டுக்கு ஒன்று. இடைவெளியைப் பார்த்து டெம்போவை ஊகிப்பது பெறும் கருவியின் பொறுப்பு. சீக்வென்சர் இதைப் பெறும்போது சிக்கல் குறைவு. ஆறு துடிப்பு வந்தால் ஒரு பதினாறாம் ஸ்டெப் (கால் நோட்டில் நாலில் ஒரு பங்கு) நகரும், ஒரு துடிப்பு கொஞ்சம் முன்பின் ஆனாலும் காதுக்குத் தெரியாது. மென்பொருள் பெறும்போது அப்படி இல்லை. யூஎஸ்பியும் இயங்குதளமும் சேர்க்கும் சிறு தடுமாற்றத்தை அது டெம்போ மாற்றம் என்றே எடுத்துக்கொள்ளும். திரையில் டெம்போ 119.8, 120.3 என்று ஆடிக்கொண்டே இருக்கும். டெம்போவோடு பிணைத்த டிலே எஃபெக்டின் (எதிரொலியின்) வால் சுருதி பிசகி நெளியும், நீட்டிச் சுருக்கிப் பொருத்திய ஆடியோ கிளிப்புகளும் நிலைகொள்ளாது.

ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் இதை அமைப்பது எளிது. மிடி அமைப்புகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ட்ராக் (நோட்டுக்கு), சிங்க் (க்ளாக்குக்கு), ரிமோட் (குமிழுக்கு) என்ற சுவிட்சுகள் இருக்கும். சீக்வென்சரிலிருந்து வரும் இன்புட் வரிசையில் ட்ராக்கைப் போடுங்கள், சிங்க்கை அணைத்துவிடுங்கள், குமிழ்களை மேப் செய்வதாக இருந்தால் மட்டும் ரிமோட்டைப் போடுங்கள். சீக்வென்சருக்குப் போகும் அவுட்புட் வரிசையில் சிங்க் மட்டும் போதும். சீக்வென்சரின் க்ளாக் மூலத்தை யூஎஸ்பிக்கு மாற்ற மறக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு ட்ராக்கிலும் போர்ட்டையும் சேனலையும் தேர்ந்தெடுத்து, மானிட்டரை ஆட்டோவிலிருந்து இன்னுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் விட்டால் ஆர்ம் செய்த (பதிவுக்குத் தயாராக்கிய) ட்ராக் மட்டுமே ஒலிக்கும். நான்கு சேனல் அனுப்பியும் ஒன்று மட்டும் கேட்கிறது என்று குழம்புபவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. க்ளாக் வெளியே போய், நோட்டாகத் திரும்பி வந்து, பிளக்இன் வழியாக ஒலியாக வேண்டும். ஆகவே மென்பொருள் தானே வாசிப்பதைவிட சீக்வென்சர் வாசிப்பது சற்றுப் பிந்தும். பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டு) 256 சாம்பிள், சாம்பிள் ரேட் விநாடிக்கு 48,000 என்றால் அந்த ஒரு பஃபர் மட்டுமே 5.3 மில்லிசெகண்ட். தாமதத்தை ஊகிக்காமல் அளந்துவிடுவது நல்லது. ஒரே டிரம் பிளக்இன்னை இரண்டு ட்ராக்கில் போடுங்கள். ஒன்றில் மென்பொருளின் கிளிப் கால் நோட்டுகளில் ஹை-ஹாட் வாசிக்கட்டும், மற்றதில் சீக்வென்சர் அதையே வாசிக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஒரு ஆடியோ ட்ராக்கில் பதிவு செய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அருகருகே இரண்டு முனைகள் தெரியும். இடைவெளி 9 மில்லிசெகண்ட் என்றால், அந்த அவுட்புட் போர்ட்டின் மிடி க்ளாக் சிங்க் டிலேயில் மைனஸ் 9 போடுங்கள். க்ளாக் அந்த அளவு முன்னதாகக் கிளம்பும், முனைகள் ஒன்றுசேரும்.

இடைவெளி எல்லா அடியிலும் ஒரே அளவாக இருந்தால்தான் இந்தத் திருத்தம் எடுபடும். ஒரு அடியில் 4, அடுத்ததில் 11 என்று மாறினால் அது ஜிட்டர். ஹப்பைத் தவிர்த்து நேராக போர்ட்டில் செருகுங்கள், பஃபரைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், பிளக்இன் ஒன்று சவுண்ட் கார்டு வழியாக அனுப்பும் ஆடியோ துடிப்புகளை மிடி க்ளாக்காக மாற்றித் தரும் தனிப் பெட்டிகள் கிடைக்கின்றன. துடிப்புகள் ஆடியோவோடு சேர்ந்தே போவதால் க்ளாக் அசையாது.

டெம்போவோடு பிணைத்த எஃபெக்டோ கிளிப்போ இல்லாமல், கணினியை வெறும் ஒலி மாட்யூலாக மட்டும் வைத்து மேடையில் வாசிப்பதென்றால் சீக்வென்சர் தன் சொந்த க்ளாக்கிலேயே ஓடட்டும். அப்போது மென்பொருளுக்கு க்ளாக்கே தேவைப்படாது.

5 பின் கேபிளா, யூஎஸ்பியா என்றால், இரண்டும் இருந்தால் நான் யூஎஸ்பிதான் எடுப்பேன். 1983-இல் வந்த அந்த 5 பின் இணைப்பின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு நோட் செய்தி போக ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் ஆகும். ஒரே ஸ்டெப்பில் எட்டு நோட் விழுந்தால் கடைசி நோட் வரிசையில் நின்றுதான் வர வேண்டும். பாடலை இழுத்துப் பிடிக்கும் கிக் டிரம் அந்த வரிசையின் கடைசியில் மாட்டினால் தாளமே தளர்ந்துபோகும்.

குமிழ்களில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். குமிழின் நிலையைச் சொல்லும் சாதாரண சிசி செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான். வால்யூமுக்குப் போதும். ஃபில்டர் கட்ஆஃபை (ஒலியின் பிரகாசத்தை வெட்டும் எல்லையை) மெதுவாகத் திறக்கும்போது சில பிளக்இன்களில் படிப்படியாக ஏறுவது கேட்கும். அந்த மாதிரி நீண்ட ஏற்றங்களை நான் மென்பொருளின் ஆட்டோமேஷனிலேயே வரைந்துவிடுவேன்.

டிரம் மேப் செய்யும்போது சுரப்பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். 60-ஆம் நோட்டை ஒரு நிறுவனம் சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது. ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலின்படி 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட். எண் பொருந்தினால் எந்தப் பெட்டியிலிருந்து அனுப்பினாலும் சரியான டிரம்தான் ஒலிக்கும்.