பாட்டுக் கடையை சாக்லேட் கடைக்கு விடலாமா?

கேள்வி: என் கணவர் குன்னூரில் இசைக்கருவிக் கடை நடத்துகிறார். 1984-ல் மாமனார் ஆரம்பித்தபோது அது ரெக்கார்டிங் சென்டர். அப்புறம் கேசட், சிடி விற்றோம். இப்போது கிட்டார், கீபோர்டு, தந்தி, ஆர்மோனிய ரிப்பேர். வருகிறவர்கள் கிட்டாரை அரை மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, கடையில் நின்றபடியே போனில் விலை பார்க்கிறார்கள். ஆன்லைனில் வாங்கிவிட்டு, "அண்ணா, தந்தி ரொம்ப உயரமா இருக்கு, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று அதையே எங்களிடம் தூக்கி வருகிறார்கள். இவரும் காசு வாங்காமல் சரி செய்து அனுப்புகிறார். கட்டடம் எங்களுடையது. வர்க்கியும் சாக்லேட்டும் விற்க ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார். கோவையில் வேலை பார்க்கும் மகன், "குடுத்துடுங்கம்மா" என்கிறான். பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுகிறார். மாமனார் படுகர் பாடகர்களை வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள் வேறு இரண்டு பெட்டி பரணில் கிடக்கின்றன. நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரருக்கு வியாபாரம் தெரியாததால் கடைக்கு இந்த நிலைமை வரவில்லை. மும்பையில் ரிதம் ஹவுஸ் எவ்வளவு பேர் பெற்ற கடை! 2016-ல் மூடிவிட்டார்கள். பல ஊர்களில் கிளை வைத்திருந்த மியூசிக் வேர்ல்டு 2013-லேயே போய்விட்டது. அமெரிக்காவின் டவர் ரெக்கார்ட்ஸ் 2006-ல் திவாலானது. பணமும் ஆள்பலமும் இருந்தவர்களுக்கே அந்த கதி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிற பழக்கமே நம் ஊர்களில் விட்டுப்போனது. துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, ஒரு டிடிகே அறுபது நிமிஷக் கேசட்டில் ஏற்றித் தரச் சொல்லி நாள் கணக்கில் காத்திருந்தார்களே, உங்கள் மாமனார் காலத்து அந்த வியாபாரம் இனி வராது. இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "உங்களால முடியல" என்று அவர் காதில் விழாதபடி சொல்லுங்கள். அவர் எழுந்து போவது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இருக்காது. அப்பா கொடுத்த கடையைத் தன் கையால் மூடுகிறோமே என்ற வேதனையாகத்தான் இருக்கும்.

குறையாக நினைத்து நீங்கள் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆன்லைனில் வாங்கினவர்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள்? எங்கேயோ சமவெளிக் குடோனில் காய்ந்து கிடந்த கிட்டார், பெட்டிக்குள் அடைபட்டு 1,850 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்கிறது. கிட்டாருக்குக் காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இருந்தால் நல்லது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்தால் சுவரே வியர்க்கும். மரம் ஈரத்தைக் குடித்து முன்பலகை உப்பும், தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் மேலே எழும்பும், தந்தி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் பனி கொட்டிக் காற்று வறண்டால் நேர்மாறாக மரம் சுருங்கி, கிட்டார் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் நுனி ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். ஆர்மோனியமானால் கட்டை ஊறிப்போய், அமுக்கிய கட்டை மேலே வராது. இந்த மலையில் கோத்தர் பழங்குடியினர் தங்கள் தோல் வாத்தியங்களை நெருப்பில் காட்டிச் சூடேற்றித்தான் வாசிக்கிறார்கள். அவ்வளவு ஈரம்! கிட்டார் கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கம்பியை எந்த மாதத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது உங்கள் வீட்டுக்காரரின் கைக்குத் தெரியும். கூரியரில் வராத சரக்கு அது ஒன்றுதான். அதைத்தான் அவர் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் நாளைக்கே ஒரு விலைப்பலகை எழுதி மாட்டச் சொல்லுங்கள். தந்தி மாற்ற இவ்வளவு, தந்தி உயரம், கழுத்து எல்லாம் சரிசெய்யும் முழு செட்டப்புக்கு இவ்வளவு, ஆர்மோனியம் பிரித்துச் சுத்தம் செய்ய இவ்வளவு என்று கண்ணில் படும்படி இருக்கட்டும். செட்டப்புக்கு 500 ரூபாய் போட்டால் அநியாயமில்லை. கோவைக்கு எடுத்துப்போய்த் திரும்பும் செலவை யோசித்தால் யாருக்கும் அது புரியும். உங்கள் கடையில் வாங்கிய கருவிக்கு முதல் வருடம் இலவசம் என்றும் அதிலேயே எழுதுங்கள். போனில் விலை பார்க்கிறவருக்கு அப்போதுதான் கணக்கு மாறும். "தெரிஞ்ச பசங்ககிட்ட எப்படிக் காசு கேக்கறது" என்று அவர் தயங்குவார். பலகை இருந்தால் வாயால் கேட்க வேண்டியதில்லை.

விலை குறைந்த கிட்டார்களை வாங்கி அடுக்குவதை நிறுத்திவிடுங்கள். அதில் ஆன்லைன்காரனோடு போட்டி போட முடியாது. தந்தி, கேப்போ, பிக், மைக் கேபிள், டிரம் குச்சி, அடாப்டர் என்று இன்றைக்கே வேண்டிய சாமான்கள் எப்போதும் இருக்கட்டும். ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க வேண்டிய பையனுக்கு சனிக்கிழமை சாயங்காலம் தந்தி அறுந்தால் கூரியர் வரும்வரை காத்திருக்க முடியுமா? உங்கள் பக்கத்துச் சபைகளுக்கும், குன்னூர், ஊட்டி, லவ்டேல் பள்ளிக்கூடங்களுக்கும் நேரில் போய் வருடாந்திரப் பராமரிப்புக்குக் கேளுங்கள். டிரினிட்டி இசை கிரேடு பரீட்சைக்கும், கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அவர்களுக்கு ஆள் தேவைப்படும்.

இசைத்தட்டு மறுபடி விற்கிறது என்று மகன் சொல்லியிருக்கலாம். உண்மைதான், அமெரிக்காவில் 2020-ல் இசைத்தட்டு வருமானம் சிடியைத் தாண்டியது, 1986-க்குப் பிறகு முதல்முறையாக. அதை நம்பிப் புதுத் தட்டு இறக்க வேண்டாம், இங்கே அந்தக் கூட்டம் இல்லை. கடையில் பழைய அசல் தட்டுகள் இருந்தால் துடைத்து முன்னால் வையுங்கள், சீசனுக்கு வருகிறவர்கள் வாங்குவார்கள். அசல் தட்டை விற்பது வேறு, பாட்டை பென் டிரைவில் ஏற்றி விற்பது வேறு. இரண்டாவது சட்டப்படி குற்றம். ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு காப்புரிமை உண்டு.

பரணில் கிடக்கும் இரண்டு பெட்டிகளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். உங்கள் மாமனார் பதிவு செய்த படுகர் பாட்டு, அந்தக் குரல்கள், அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கலாம். தயவுசெய்து இந்த வாரமே இறக்குங்கள். ஆனால் ஆசையில் உடனே டெக்கில் போட்டுவிட வேண்டாம். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்திருந்தால் கவலை வேண்டாம். திருகு போட்ட வேறு கேசட் ஓட்டுக்குள் நாடாவை மாற்றிவிட உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். நல்லதாக இருப்பவற்றை டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வேவ் கோப்பாக ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். யார் பாடியது, எந்த ஹட்டி (படுகர் ஊர்), எந்த வருடம் என்பதை நினைவிருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பாடியவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ தேடிப் பிடித்து, அனுமதி கேட்டு, ஒரு பிரதி கொடுங்கள். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் மகனிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். கடையை வெறும் நஷ்டக் கணக்காக அவன் பார்ப்பது கொஞ்சம் மாறும்.

சரி, வாடகைக்குக் கேட்டவருக்கு என்ன பதில்? கட்டடம் சொந்தம் என்பதால் கடைக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தருவதாகச் சொன்ன வாடகையை மாதாமாதம் கடையின் செலவாகவே நோட்டில் எழுதுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

என் யோசனை, முன்பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். வர்க்கிக்கும் சாக்லேட்டுக்கும்தான் ரோட்டைப் பார்த்த கண்ணாடி வேண்டும். ரிப்பேருக்கு வருகிறவர் தேடி வருவார். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு மேசையும், நல்ல விளக்கும், ஈரம் ஏறாத ஓர் அலமாரியும் உள்ள பின்னறை போதும். முன்வாசலில் உங்கள் கடைப் பெயர்ப்பலகை இருக்க வேண்டும், பின்னறைக்கு வழி விட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுச் செலவுக்கு, மேசை வருமானம் கடைக்கு என்று பிரித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கிறிஸ்துமஸும் ஒரு கோடை சீசனும் பாருங்கள். அதற்கும் மேசை தன் செலவைத் தாங்கவில்லை என்றால் பின்னறையையும் கொடுத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் ரிப்பேரைத் தொடரட்டும். அதில் அவமானம் எதுவும் இல்லை என்பதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

வாடகை பேசும்போது அவரும் கூட இருக்கட்டும், உங்கள் மகனை விட்டுப் பேச வைக்காதீர்கள். வருகிற அட்வான்ஸை எடுத்து கிட்டார் ஸ்டாக் போட்டுவிடவும் வேண்டாம். அது என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். பேங்கில் தனியாகப் போட்டு வையுங்கள்.