விண்டோஸ் 7 ஏற்றுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லேப்டாப்பில் பென்டிரைவ் மூலம் விண்டோஸ் 7 இன்ஸ்டால் செய்கிறேன். மொழி தேர்வு செய்து அடுத்த திரைக்குப் போனதும், சிடி/டிவிடி டிரைவர் இல்லை என்று நின்றுவிடுகிறது. என் லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாதே?

பதில்: அந்தச் செய்தி பலரைச் சுற்றலில் விட்டிருக்கிறது. இல்லாதது பெரும்பாலும் சிடி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) அல்ல, புதுவகை யு.எஸ்.பி. போர்ட்டான யு.எஸ்.பி. 3.0-இன் டிரைவர். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். அதன் டிவிடியில் யு.எஸ்.பி. 3.0-க்கு டிரைவர் கிடையாது. தொடக்கத்தில் பென்டிரைவைப் படித்துக் கொடுப்பது, லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ். செட்டப் தன் காலில் நிற்க ஆரம்பித்ததும் அந்த உதவி போய்விடுகிறது. எந்தப் பென்டிரைவிலிருந்து கிளம்பியதோ, அதுவே அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

யு.எஸ்.பி. 2.0 போர்ட் (பொதுவாக உள்ளே கறுப்பாக இருக்கும்) ஒன்று இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் எக்ஸ்.எச்.சி.ஐ. மோடை (யு.எஸ்.பி. 3.0-க்கான அமைப்பை) டிசேபிள் செய்யுங்கள். அந்த வசதியும் இல்லாத லேப்டாப்பில் டிரைவரை இன்ஸ்டாலருக்குள்ளேயே சேர்க்க வேண்டியதுதான். வேறொரு கணினியில் விண்டோஸின் டிஸ்ம் (DISM) கருவியைக் கொண்டு, சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள பூட்.விம் கோப்பின் (செட்டப் ஓடும் கோப்பு) 2-ஆம் இண்டெக்ஸை, அதாவது அதனுள் இருக்கும் இரண்டாவது தொகுப்பை, மவுண்ட் செய்து (திறந்து) டிரைவரைச் சேர்த்து, கமிட் (சேமி) கொடுத்து அன்மவுண்ட் செய்யுங்கள். கமிட் மறந்தால் செய்தது அத்தனையும் வீண். லேப்டாப்பில் ஏறும் விண்டோஸ் அடங்கிய இன்ஸ்டால்.விம் கோப்பிலும், நீங்கள் ஏற்றப்போகும் பதிப்பின் இண்டெக்ஸில், இதையே செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் செட்டப் நன்றாகவே முடியும்; டெஸ்க்டாப் வந்தபின் யு.எஸ்.பி. மவுஸ் அசையாது.

இத்தனைக்கும் முன், ஐ.எஸ்.ஓ. கோப்பு (விண்டோஸ் டிவிடியின் முழு நகல்) முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறைக் கோப்பும் இதே செய்தியைத்தான் காட்டும்.

கேள்வி: ஸ்டார்ட்டிங் விண்டோஸ் என்ற திரையோடு உறைந்துபோகிறது. இன்னொரு முறை, டிஸ்க் ஜி.பி.டி. வகை (புதிய பார்ட்டிஷன் முறை) என்று சொல்லி மறுத்தது.

பதில்: இரண்டும் யு.இ.எஃப்.ஐ. விவகாரம்; அது பயாஸின் இடத்தைப் பிடித்த புதிய மென்பொருள். அதன் அமைப்பில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள், சி.எஸ்.எம். (பழைய பயாஸ் முறைக்கான ஆதரவு) ஆன் ஆக இருக்கட்டும். சி.எஸ்.எம். இல்லாத யு.இ.எஃப்.ஐ.யில் பழைய முறைத் திரை வசதி கிடைக்காமல் விண்டோஸ் 7 அங்கேயே நின்றுவிடும். லெகசி முறையில், அதாவது பழைய பயாஸ் முறையில், பூட் செய்தால் டிஸ்க் எம்.பி.ஆர். (பழைய பார்ட்டிஷன் முறை) ஆக இருக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனும் போய்விடும்.

கேள்வி: ஒருவழியாக ஏற்றிவிட்டேன். அப்டேட் கொடுத்தால் 80072ஈஎஃப்ஈ என்ற பிழை வருகிறது. கோப்பை இறக்கி நேரடியாக ஏற்றினாலோ, மணிக்கணக்கில் தேடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: நெட் இணைப்பில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்கள் உண்மையானவை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தை எஸ்.எச்.ஏ.-2 என்ற புதிய முறைக்கு மாற்றியது, 2020-இல் எஸ்.எச்.ஏ.-1 என்ற பழைய முறையை நம்பியிருந்த பழைய அப்டேட் சேவையையும் நிறுத்தியது. புதிதாக ஏற்றிய விண்டோஸ் 7-க்குப் பழைய கையொப்பம்தான் தெரியும். ஆகவே முதல் சில அப்டேட்களைக் கையால் ஏற்றித்தான் தீர வேண்டும். வரிசை மாறக் கூடாது.

ஸ்டார்ட் மெனுவில் வின்வெர் (winver) என்று டைப் செய்து பில்ட் எண்ணைப் பாருங்கள். 7600 என்றால் முதலில் சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பை ஏற்றுங்கள். 7601 என்றால் அது ஏற்கெனவே இருக்கிறது. அடுத்து கே.பி. 3020369 (கே.பி. என்பது அப்டேட்டின் எண்). அதன் மேல் கே.பி. 3125574: சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்த பெரும்பாலான திருத்தங்கள் இந்த ஒரே கோப்பில் அடக்கம். ரீஸ்டார்ட். பிறகு கே.பி. 4490628, கே.பி. 4474419, மறுபடி ரீஸ்டார்ட். இவற்றை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து வேறு கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். புது விண்டோஸ் 7-இல் உள்ள இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-ஐ நம்பி உட்கார வேண்டாம். லேன், வைஃபை டிரைவர்களையும் அதே பென்டிரைவில் போட்டுவையுங்கள்.

தேடிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், பின்னணியில் ஓடும் அப்டேட் சேவை. அப்டேட் அமைப்பில் 'ஒருபோதும் தேடாதே' என்பதைத் தேர்ந்தெடுத்து, நெட்டைத் துண்டித்து, சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டை ஸ்டாப் செய்தபின் கோப்பைத் திறங்கள். ஸ்டாப் மட்டும் போதும், டிசேபிள் வேண்டாம். டிசேபிள் செய்தால் கோப்பு ஏறவே ஏறாது.

இதன் பிறகு நெட்டை இணைத்து வழக்கமான அப்டேட் கொடுங்கள். ஒரே மூச்சில் முடியாது. புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி தேடுங்கள்.

கேள்வி: 32 பிட்டா, 64 பிட்டா?

பதில்: 4 ஜிபி ராம் இருந்தால் 64 பிட். 16 பிட் காலத்து மென்பொருளோ, 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள கருவியோ இருந்தால் 32 பிட். பின்னால் மனம் மாறினால் அப்கிரேட் செய்ய முடியாது, அழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: இதில் இணைய வங்கிச் சேவை பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். சாதாரணப் பயனாளர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. குரோம் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 இ.எஸ்.ஆர். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) ஓடும். பழைய ஸ்கேனர், பழைய கணக்கு மென்பொருள் என்று ஏதாவது கட்டாயம் இருந்தால் மட்டும் இந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அப்டேட் முடிந்த கையோடு நெட்டைத் துண்டித்துவிடுங்கள். அப்படியொரு கட்டாயம் இல்லையென்றால், அதே லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள். இந்த வரிசை விளையாட்டு எதுவும் தேவைப்படாது.