வேகமெடுத்ததும் படகின் முன்பகுதியான அணியம் துள்ளுகிறதா?

எஞ்சினின் சாய்வை அமைக்கும் ஊசியான டிரிம் பின்னை, எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையை நோக்கி ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். காரைக்குடியிலிருந்து தொண்டிக்கு இழுத்துச் சென்று ஓட்டும் உங்கள் 14 அடி ஃபைபர் படகின் துள்ளல் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

பின்பாரமும் காரணமாக இருக்கலாம். டேங்க், பேட்டரி, ஓட்டுபவர் எல்லாம் கடைசியிலேயே குவிந்தால் அணியம் எழும்பாமல் என்ன செய்யும்? பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்.

அப்படியும் அடங்காவிட்டால், வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கும்போதே நேரான அலுமினியப் பட்டை ஒன்றை அடிப்பாகத்தில், பின்முனையிலிருந்து ஐந்தடிக்கு நீளவாக்கில் ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் தொட்டு, பின்முனையில் வெளிச்சம் தெரிந்தால் அடிப்பாகம் வளைந்திருக்கிறது; டிரிம் மட்டும் போதாது.

டிரிம்மை ஒரேயடியாக உள்ளே தள்ளாதீர்கள். அணியம் நீரில் புதைந்து படகு சட்டென்று திரும்பிவிடும். எஞ்சினை நிறுத்தும் கயிறு கையில் மாட்டியிருக்கட்டும். கண்மாயில் சோதிக்கவே வேண்டாம். நீருக்கடியில் கருவேல மரம் நிற்கும்.